குரலை வைத்து நான் பிரித்த இதயங்கள்

மருத்துவமனையில் முப்பது வருடமாக வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் எதிரே நிற்பவர் சற்று நிமிர்ந்து நிற்பார். என்ன வேலை என்று கேட்டுவிட்டால் பழையபடி தளர்ந்துவிடுவார். ரெக்கார்ட் ரூம். பழைய கேஸ் கட்டுகளை அலமாரியில் அடுக்கவேண்டும், கேட்டால் எடுத்துக் கொடுக்கவேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வார்டு நர்ஸ் திருப்பி அனுப்பவில்லை என்று சொல்லவேண்டும். கடைசி வேலையில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

கட்டுகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு என்னை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. என்னைக் கம்ப்யூட்டருக்குள் போடவும் வழியில்லை. அப்போதுதான் இதயப் பிரிவின் பெரிய டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். பைபாஸ் செய்துகொண்டு வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒரு வருடம் கழித்து ஃபோன் செய்து, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதவேண்டும்.

"உங்க குரல் நல்லா இருக்கு," என்றார்.

சாந்தோம் கோயில் பாட்டுக் குழுவிலிருந்து பதினாறு வயதில் என்னை மிகுந்த மரியாதையுடன் விலக்கி வைத்த குரல் அது. இவ்வளவு காலம் கழித்து ஒருவர் பாராட்டுகிறாரே என்று உடனே ஒப்புக்கொண்டேன்.

பைபாஸில் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் இதயத்தை நிறுத்திவிடுவார்கள். உடம்பின் ரத்தத்தை ஒரு மெஷின் வாங்கிச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பிக்கொண்டிருக்க, அசையாமல் கிடக்கும் இதயத்தில் டாக்டர் தைப்பார். இன்னொன்றில் இதயம் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். தைக்கிற இடத்தை மட்டும் ஒரு கருவியால் அசையாமல் பிடித்துக்கொண்டு வேலையை முடிப்பார்கள். எங்கள் பிரிவில் 'மெஷின் வெச்சு', 'மெஷின் இல்லாம' என்று சொல்வோம். எது நல்லது என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. பெரிய டாக்டர் இரண்டையும் செய்பவர். தன் கையால் தைக்கப்பட்டவர்களையே இரண்டு கூட்டமாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆசைப்பட்டார்.

என் பட்டியலில் ஆளுக்கு ஒரு வரிசை எண்ணும் ஒரு ஃபோன் நம்பரும்தான் இருந்தன. யாருக்கு எந்த விதம் என்று இருக்காது. கணக்குப் போட வந்திருந்த ஜூனியர் டாக்டரம்மா காரணம் சொன்னார்.

"தெரிஞ்சா உங்களை அறியாமலே கேள்வி சாய்ஞ்சுடும் சார். கேக்கறவருக்கு ஒண்ணும் தெரியக்கூடாது."

ஒன்றும் தெரியாத ஆள் வேண்டும் என்று தேடியதில், அவ்வளவு பெரிய மருத்துவமனையில் நான் தேர்வானேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

கேள்விகள் ஒரே தாளில் அச்சடித்து இருக்கும். நெஞ்சு வலி வருகிறதா, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, ஞாபக மறதி உண்டா, பழைய வேலைக்குத் திரும்பிவிட்டீர்களா. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். சென்னைக்காரர்கள் கட்டத்துக்குள் பதில் சொல்பவர்கள் இல்லை.

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெரியவர் சொன்னார்: "எங்காத்துல மாடியே கிடையாதே. மூச்சு வாங்கறதான்னு பார்க்க அடுத்தாத்து மாடியில போய் ஏறிண்டு நிக்கச் சொல்றேளா?"

"கோயிலுக்குப் போனா படி ஏறுவீங்கல்ல சார்?"

"கபாலி கோயில்ல எங்கய்யா படி? நீர் மயிலாப்பூரே இல்லை போலிருக்கே."

தி. நகரில் ஒரு துணிக்கடைக்காரரின் மனைவி அவருக்குப் பதிலாகப் பேசினார். "அவரா, நல்லா சண்டை போடறாரு. முன்னெல்லாம் பாதியில விட்டுடுவாரு, இப்ப முடிச்சுட்டுத்தான் தூங்கறாரு." மூச்சுத் திணறல் இல்லை என்று எழுதிக்கொண்டேன். ஞாபக மறதியும் இல்லை.

சில வீடுகளில் எடுத்தவுடனே தெரிந்துவிடும். "யாரு, அவருக்கா ஃபோன்?" என்று கேட்டுவிட்டு ஒரு பெண்குரல் நின்றுபோகும். அதற்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு, தேதி கேட்கவேண்டும். அந்தத் தேதியைக் கேட்கும்போது என் நல்ல குரல் எங்கே போகுமோ தெரியாது.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் தினமும் பத்துப் பேரின் மூச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பவனுக்கு நாளடைவில் தான் ஒரு விஷயஸ்தன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. யாருக்கு எந்த விதம் என்று எனக்குச் சொல்லவில்லை அல்லவா, நானே குரலை வைத்துக் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். பேச்சில் தெம்பு இருந்து, இடையில் மூச்சு வாங்காமல், என்னைக் கிண்டலும் செய்தால் மெஷின் இல்லாமல். வார்த்தைக்குத் தடுமாறி, கேட்டதையே திருப்பிக் கேட்டு, "என்னமோ ஓடுது" என்று இழுத்தால் மெஷின் வைத்து. இதயத்தை நிறுத்திக் கிளப்பினால் ஆள் கொஞ்சம் மந்தமாகத்தானே இருப்பான் என்பது என் சித்தாந்தம். மழையில் நின்றுபோன என் பழைய ஸ்கூட்டரைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

ஒரு டைரியின் பின்பக்கத்தில் வரிசை எண்ணுக்கு நேரே 'வெ' அல்லது 'இ' என்று குறித்துக்கொண்டே வந்தேன். மயிலாப்பூர் பெரியவருக்கு 'இ' போட்டு அடியில் கோடும் போட்டேன். அவ்வளவு நிச்சயம். ஆறேழு மாதத்தில் டைரி என்ன சொல்லிற்று என்றால், மெஷின் இல்லாமல் செய்துகொண்டவர்கள் எல்லோரும் அபாரமாக இருக்கிறார்கள். அபாரமாக இருந்தவர்களைத்தான் நான் அந்தப் பக்கம் போட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. ரெக்கார்ட் ரூமில் முப்பது வருடம் இருந்தவனுக்குக் கட்டை எந்த அலமாரியில் வைக்கவேண்டும் என்றுதான் தெரியும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் என் மச்சானுக்கு நெஞ்சு வலி வந்தது.

என் மனைவியின் தம்பி. மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கமெல்லாம் வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவன். லிஃப்டில் சிலிண்டரை ஏற்றக்கூடாது என்று போர்டு மாட்டிய அடுக்கு மாடிகளில் தோளில் வைத்துக்கொண்டு நாலாம் மாடிவரை ஏறி, மேலே போய்ப் பாட்டும் பாடுவான். ஒருநாள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிலிண்டரை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டானாம். அந்த வீட்டு அம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோது, வியர்வை சொட்ட, "சிலிண்டரை உள்ள வெச்சுட்டு வந்து குடிக்கிறேம்மா" என்றிருக்கிறான். வைக்க முடியவில்லை.

எங்கள் மருத்துவமனைக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தோம். ஆஞ்சியோ எடுத்ததில் நாலு இடத்தில் அடைப்பு. பைபாஸ் செய்தே ஆகவேண்டும்.

அன்று மாலை என் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். மச்சான் கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. மெஷின் வைத்தா, இல்லாமலா என்று பேச்சு வந்தது. என் மனைவி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "இவரைக் கேளுங்க. தினம் ஆபரேஷன் பண்ணவங்களோடதான் பேசறாரு. டாக்டருங்களுக்கே இவருதான் ரிப்போர்ட் எழுதித் தராரு."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் "இவரைக் கேளுங்க" என்று அவள் சொன்னது அதுதான் முதல் முறை. அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். சொன்னேன்.

"மெஷின் இல்லாம பண்றதுதான் பெஸ்ட். நான் நூத்துக்கணக்குல கேட்டுட்டேன். குரல்லயே தெரியும்."

"மாமா, கரீக்டா சொல்லு," என்றான் மச்சான். "நிறுத்திட்டுத் திரும்பக் கிளப்பும்போது கிளம்பலன்னா இன்னா பண்றது? தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியுமா?"

"அதான்டா சொல்றேன். நிறுத்தவே வேணாம்."

"அப்ப அதான். மாமா சொன்னா முடிஞ்சுது."

மறுநாள் பெரிய டாக்டரைப் பார்த்தோம். அவர் படத்தைக் காட்டிச் சொன்னார், "குழாயெல்லாம் சன்னமா இருக்கு. பின்பக்கம் ஒண்ணு ரொம்ப சன்னம். இவருக்கு நிறுத்திட்டுப் பண்ணா எனக்கு வசதி. ஆனா மெஷின் இல்லாமலும் பண்ணலாம், பண்ணியிருக்கேன். நீங்க என்ன நினைக்கறீங்க?"

"மெஷின் இல்லாமலே பண்ணிடுங்க சார்."

"ஏன்?"

டைரியைப் பற்றி இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஃபோன் வேலை போய்விடும். "வீட்ல எல்லாரும் அப்படித்தான் ஆசைப்படறாங்க சார்," என்றேன். அவர் ஒரு நிமிஷம் படத்தைப் பார்த்தார். "சரி. நடுவுல அவசியம்னு பட்டா மெஷினுக்கு மாத்திப்பேன். அதுக்கு ஒத்துக்கணும்" என்றார். ஒத்துக்கொண்டோம். அவருக்கு நடுவில் அவசியம் என்று படவில்லை. மூன்று இடத்தில் தைத்தார். பின்பக்கத்து நாலாவதில் கை வைக்க முடியாதென்று விட்டுவிட்டார்.

முதல் மூன்று மாதம் நான் நடந்த நடையைப் பார்த்திருக்கவேண்டும். மச்சான் நன்றாக இருந்தான். அடையாற்றுப் பாலம் வரை நடந்து போய்விட்டு வருவான். பார்ப்பவர்களிடமெல்லாம் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டி, "நிறுத்தாமலே பண்ணாங்க, எங்க மாமா ஐடியா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னைத் தேடி ஒருவர் இருவர் ஆஞ்சியோ ரிப்போர்ட்டோடு வரவும் தொடங்கினார்கள். நானும் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, தலைகீழாக இருக்கிறதோ என்ற சந்தேகத்தோடு படத்தைப் பார்ப்பேன்.

நாலாம் மாதம் மறுபடி வலி. கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் அவன் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. முதலில் ஒவ்வொரு மாடிக்கும் நின்று ஏறினான். பிறகு ஒவ்வொரு பத்துப் படிக்கும். பிறகு இறங்குவதையே நிறுத்திவிட்டான். இரண்டாவது ஆஞ்சியோவுக்கு அவனுடன் கேஸ் போடுகிற இரண்டு பேர் வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினார்கள். நான் மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"நைனா, ஆட்டாம தூக்கு," என்றான் மச்சான். "ஃபுல் சிலிண்டரை இப்படி ஆட்டினா கஸ்டமர் கம்ப்ளெய்ன்ட் குடுத்துடுவான்."

"நீ இன்னாத்த ஃபுல்லு," என்றார் முன்னால் பிடித்திருந்தவர். "காலி சிலிண்டர் உன்னைவிட கனமா கீது."

நாலு பேரும் சிரித்தோம். முதல் மாடியில் நாற்காலியை இறக்கி வைத்தபோது தூக்கியவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை. உட்கார்ந்து வந்தவனுக்குத்தான் வாங்கியது.

தைத்த மூன்றில் ஒன்று மூடிப்போயிருந்தது, இன்னொன்று மூடிக்கொண்டிருந்தது. ஸ்டென்ட் வைக்கவும் இடமில்லை, அவ்வளவு சன்னம். பெரிய டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் மச்சானையே பார்த்துச் சொன்னார்: "மறுபடி திறந்து பண்ணலாம். ரெண்டாவது தடவை ரொம்ப ரிஸ்க். இல்லன்னா மாத்திரையிலேயே ஓட்டலாம், எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. எதுலயும் நான் உறுதி தர முடியாது. வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க."

அந்த வாரத்தில்தான் ஜூனியர் டாக்டரம்மா கணக்கை முடித்து, யார் யாருக்கு எந்த விதம் என்ற பட்டியலைத் திறந்தார். மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது நான் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். ஏறக்குறைய பாதி சரி, பாதி தப்பு. ரூபாய் நாணயத்தைச் சுண்டிப்போட்டு எழுதியிருந்தாலும் இதேதான் வந்திருக்கும், ஃபோன் செய்யும் வேலையும் மிச்சமாகியிருக்கும். அடிக்கோடு போட்ட மயிலாப்பூர் பெரியவருக்கு மெஷின் வைத்துத்தான் செய்திருந்தார்கள். என்னைக் கிண்டல் செய்த அந்த இதயம் அன்று நிறுத்தப்பட்டு, திரும்பக் கிளம்பிய இதயம்.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது டைரி மேஜை மேலேயே இருந்தது. மறைக்கத் தோன்றவில்லை. அவர் புரட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எது நல்லதுன்னு வந்துச்சு மேடம்?" என்றேன்.

"நம்ம கிட்ட இருக்கறத வெச்சுப் பார்த்தா பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியல சார்."

"என் மச்சானுக்கு நிறுத்திட்டுப் பண்ணியிருந்தா?"

அவர் டைரியை மூடி என் பக்கம் நகர்த்தினார். "அது தெரியாது சார். கூட்டத்தைக் கூட்டத்தோட ஒப்பிடலாம். அவர் ஒருத்தர்தானே. அவரையே ரெண்டு விதமா பண்ணிப் பார்த்து எது நல்லா இருக்குன்னு சொல்ல முடியாது இல்லையா."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நல்ல பெண். ஆனால் தப்பு என்று நிரூபிக்கவும் முடியாத ஒரு தப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? இத்தனை வருடத்தில் அலமாரி கிடைக்காத ஒரு கட்டு எனக்கு இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோட்டூர்புரத்துக்குப் போனேன். மூன்று மாடியும் நான் நிற்காமல் ஏறினேன். அதுவே எனக்கு வெட்கமாக இருந்தது. மச்சான் ஜன்னலோரம் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். அவன் மனைவி சமையலறையில் இருந்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு யாருக்கு எந்த விதம் என்று எப்போதுமே தெரியாது என்பதை, டைரியை, பாதிக்குப் பாதியை. டாக்டர் நிறுத்திச் செய்வது வசதி என்று சொன்னதை நான் மறுத்ததையும் ஞாபகப்படுத்தினேன். வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன், எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தன.

அவன் முதுகுத் தலையணையை நகர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, "ஆக, உனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றான்.

"தெரியாதுடா."

"நான் இந்த பிளாக் ஃபுல்லா உன்னைப் பத்திச் சொல்லி வெச்சுகிறேனே மாமா."

"தெரியும்."

சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்தது. அடங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "சரி வுடு. இப்ப இன்னா பண்றது சொல்லு. திறக்கறதா, மாத்திரையா?"

"இப்பதானே சொன்னேன், எனக்குத் தெரியாதுன்னு."

"அதெல்லாம் காதுல விழுந்துச்சு. டாக்டரும் தெரியாதுன்றாரு, நீயும் தெரியாதுன்ற. நானும் அவளாண்ட தெரியாதுன்னு சொல்லணுமா? நாலு நாளா தூங்காம என் மூச்சை எண்ணிகினு கீறா. மாமா சொல்ட்டாருன்னு சொன்னாத்தான் அவ தூங்குவா. தெரிஞ்ச மாதிரி ஒண்ணு சொல்லு."

"டேய், போன தடவை தெரிஞ்ச மாதிரி சொல்லித்தான்டா..."

"அப்ப பழக்கம்தானே. சொல்லு."

அவன் முகத்தில் கிண்டல் இல்லை. இனி திறந்தாலும் திறக்காவிட்டாலும் என்ன ஆகும் என்று டாக்டர், நான், அவன் ஆகிய மூவரில் அவனுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லும் வேலையை மட்டும் என்னிடம் கொடுக்கிறான்.

"மாத்திரையே போதும்டா," என்றேன்.

உடனே சமையலறைப் பக்கம் திரும்பினான். "இந்தா, கேட்டுக்கோ. மாமா மாத்திரையே போதும்னுட்டாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்தாள். "அண்ணன் சொன்னா யோசிக்காம சொல்ல மாட்டாரு," என்றாள். பிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மீன் குழம்பு ஊற்றினாள். நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அன்று எனக்குப் பசித்தது என்பதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

இறங்கும்போது முதல் மாடியில் ஒருவர் பிளாஸ்டிக் கவரில் பெரிய பிலிமோடு காத்திருந்தார்.

"மூணாவது மாடிக்காரரு மாமாதானே நீங்க? உங்களாண்ட காட்டினா கரீக்டா சொல்வீங்கன்னாரு. எனக்கும் பைபாஸ்னு சொல்ட்டாங்க."

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க. டாக்டர் சொல்றதைக் கேளுங்க."

அவர் நம்பவில்லை. நான் பந்தா செய்வதாக நினைத்திருக்கவேண்டும். "பரவால்ல சார், டைம் கீறப்போ சொல்லுங்க" என்று கவரை மடக்கிக்கொண்டார்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. ஃபோன் வேலையை விட்டுவிட்டேன், காது சரியாகக் கேட்கவில்லை என்று காரணம் எழுதிக்கொடுத்தேன். அது ஒன்றுதான் அந்த விஷயத்தில் நான் உண்மையாக எழுதியது. மச்சான் ஆபரேஷனைப் பற்றி அதன் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது அவன் கால் வீங்க ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், பிறகு இன்னும் கூட்டினார்.

ஞாயிறுதோறும் போகிறேன். போனதும் அவன் மனைவி அவன் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திக் காட்டுவாள். விரலை எடுத்தால் குழி அப்படியே நிற்கும்.

"போன வாரத்துக்கு இப்ப கம்மிதானே அண்ணே?" என்பாள்.

மச்சான் குழியைப் பார்க்கமாட்டான், என்னைப் பார்ப்பான். நான் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கம்மிதான்மா" என்பேன்.